மேட்டைப் பார்க்க மறுத்த நண்டு

சத்தியம்! நான் இப்போது சொல்லப் போவதில் ஒரு சொல், ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசை முழுவதும் இந்த நிமிடமே உதிர்ந்து மடியில் விழட்டும்! உங்களுக்குத்தான் மீசையே இல்லையே என்று யாரும் குறுக்கே பேச வேண்டாம். போன தடவை சத்தியம் செய்தபோது கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். இந்தத் தடவை அப்படியில்லை. கேளுங்கள்.

மலையடிவாரக் காட்டுக்குள் கோரைக்குட்டை என்று ஒரு குட்டை இருந்தது. மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி வந்து அதில் விழும். வருடம் முழுவதும் தண்ணீர். அங்கிருந்த மீன்கள் வேலையில்லாமல் கொட்டாவி விடும். நானே பார்த்திருக்கிறேன். தவளைகள் கத்தினால் எதிர்க்கரைத் தேக்குமரம் இலை உதிர்க்கும். அப்படி ஒரு செழிப்பு.

ஒரு மாலை அடித்த மழையில் மலைச்சரிவு சறுக்கியது. சரசரவென்று செம்மண் இறங்கி வந்து ஓடைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. சின்ன மேடு அல்ல. யானை படுத்திருப்பது போல, அந்த யானையின் மேல் இன்னொரு யானை படுத்திருப்பது போல ஒரு மேடு!

ஓடை வந்து முட்டிப் பார்த்தது. வழி இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமே தேங்கி, நிரம்பி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் வழிந்து ஓடிவிட்டது. மேட்டுக்கு இந்தப் பக்கம் கோரைக்குட்டைக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மழையும் அத்தோடு நின்றது. வெயில் ஏறியது. குட்டை வற்றத் தொடங்கியது.

"மேட்டை உடைச்சே ஆகணும்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"உடைச்சிடலாம்!" என்றது தவளைத் தலைவர் டமாரம். பெயருக்கேற்ற தொண்டை. "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. முழுசா அளக்காம எந்த வேலையையும் தொடக்கூடாது. நம்ம முப்பாட்டன் ஒரு மரக்கிளையை அளக்காம ஏறினார். அது மரக்கிளை இல்ல, மலைப்பாம்பு! அதை மறந்துட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து கோரைக்குட்டையில் அதுதான் சட்டம். முதலில் அளவை, பிறகு வேலை.

மறுநாள் காலை அளவை ஆரம்பமானது. இளந்தவளைகள் மேட்டின் இந்தப் பக்க அடியோரம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தாவும்; அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, யாரும் போக முடியாது. டமாரம் கூடவே வந்து தாவல்களைச் சத்தமாக எண்ணும். மற்றவர்கள் பின்னால் ஊர்வலமாகப் போய் அண்ணாந்து பார்த்து, "அம்மாடியோ!" என்பார்கள். ஊர்வலத்துக்கு வழிகாட்ட ஓர் ஆள் தானாகவே வந்து சேர்ந்தது. உடும்பு நாக்கப்பன்!

நாக்கப்பனுக்கு இரட்டை நாக்கு. இரண்டுமே இனிப்பாகப் பேசும்.

"வாங்க, வாங்க! இந்த முனையில பார்த்ததெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த முனையில இதைவிடப் பெருசு! கால் வலிக்குதா தாயி? மெதுவா வாங்க. நல்லாப் பாருங்க. பார்த்தாத்தானே வேலை செய்ய முடியும்!"

அளந்து முடிக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். எல்லோருக்கும் நாக்கு வறண்டிருக்கும். "இன்னைக்கு இது போதும். நாளைக்கு ஆரம்பிச்சிடலாம்" என்று டமாரம் சொல்லும். எல்லோரும் நிழலுக்குப் போய் விழுவார்கள்.

மறுநாளும் அளந்தார்கள். தாவல்கள் முந்தைய நாளைவிட அதிகம் வந்தன!

"தப்பா எண்ணிட்டோம். திரும்ப அளக்கணும்!" என்றது டமாரம்.

அதற்கு மறுநாள் இன்னும் அதிகம் வந்தன. அதற்கும் மறுநாள் அதைவிட அதிகம்!

டமாரம் எல்லோரையும் பக்கத்தில் அழைத்தது. "நான் சொல்றதைக் கேட்டு யாரும் பயப்படக் கூடாது... மேடு வளருது!"

எல்லோரும் பயந்தார்கள். ஒரு நண்டு மயக்கம் போட்டது. ஒரு நத்தை ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது; இன்றுவரை திறக்கவில்லை என்று கேள்வி.

நாக்கப்பன் மட்டும் பெருமூச்சு விட்டது. "வளர்ற மேட்டை யாரால உடைக்க முடியும்? பெரிய ஆள் யாராவது வரணும். யானை வரும். ஒரு உதை விட்டா முடிஞ்சது. அதுவரைக்கும் நான் உங்களுக்குத் துணையா இருக்கேன். பாருங்க, செத்த மீனையெல்லாம் தினமும் நானே அப்புறப்படுத்துறேன். குட்டை நாறிடக் கூடாதில்ல!"

அது அப்புறப்படுத்திய மீன்கள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன என்பதை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் வற்ற வற்ற மீன் பிடிப்பது சுலபமானது. நாக்கப்பனின் வயிறு தரையில் உரசியது.

யானையும் வந்தது. ஆமாம், நிஜமாகவே வந்தது! எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். யானை மேட்டின் மேல் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. மண் இன்னும் கெட்டிப்பட்டது. ஒரு கூடை சாணம் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

இப்போது நம்ம நண்டிடம் வருவோம். மயக்கம் போட்டதாகச் சொன்னேனே, அவள்தான். பெயர் செவத்தா.

அவளுக்கு மற்றவர்களைவிட அவசரம் அதிகம். அவள் வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகள் இருந்தன. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த பொடிசுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீரில் இறக்கிவிட்டால் பிழைக்கும். குட்டையில் மிச்சமிருந்ததோ கொதிக்கும் சேற்றுக் குழம்பு. அதில் இறக்கினால் வெந்துபோகும். இறக்காமல் வைத்திருந்தால் காய்ந்துபோகும்.

"அம்மா, காயுது" என்று மடிப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"நாளைக்குடா கண்ணு" என்பாள் செவத்தா.

அவளும் தினமும் ஊர்வலத்தில் போனாள். தினமும் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வந்தால் கால்கள் கல்லாகிவிடும். ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரியும். எங்கே தொடங்குவது என்று தெரியாது. வளைக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாள். படுத்த இடமும் காய்ந்திருக்கும். ஈரம் தேடி வளையைக் கொஞ்சம் ஆழமாக்குவாள். தோண்டிய சேற்றை உருண்டை பிடித்துக் கொடுக்கில் தூக்கிவந்து வளை வாசலில் வைப்பாள். திரும்பப் போய்ப் படுப்பாள். அவ்வளவுதான் அவள் நாள்.

ஒரு காலை, ஆமை சட்டியப்பன் அவள் வளைக்கு முன்னால் வந்து நின்றது.

"ஏ செவத்தா! இந்தக் கோபுரத்தை யாரு கட்டினா?"

"எந்தக் கோபுரம்ணே?"

"இதோ, உன் வாசல்ல நிக்குதே!"

செவத்தா வெளியே வந்து பார்த்தாள். வளை வாசலில் சேற்று உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சட்டியப்பனின் முதுகைவிட உயரமாக நின்றன.

"நான் ஒண்ணும் கட்டலையேண்ணே! ஈரம் தேடித் தோண்டினேன். உருண்டையை வைக்க இடம் வேணுமேன்னு இங்க வச்சேன்."

"கட்டாமலே இவ்வளவு உசரமா?"

செவத்தா அந்தக் குவியலையே பார்த்தாள். ஒவ்வொரு உருண்டையும் அவள் கொடுக்கில் ஏறி வந்ததுதான். இப்படி ஒரு கோபுரம் கட்டு என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், அம்மாடியோ என்று அங்கேயே மல்லாந்திருப்பாள்! சொல்லாததால் கட்டிவிட்டாள்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. மேட்டின் மேலா, டமாரத்தின் மேலா, இத்தனை நாள் சுருண்டு படுத்த தன் மேலேயா?

"அண்ணே, நான் போறேன்."

"எங்க?"

"மேட்டுக்கு. ஊர்வலத்துக்கு இல்ல. தோண்டறதுக்கு!"

நண்டுக்கு ஒரு வசதி உண்டு. அது பக்கவாட்டில் நடக்கும். எங்கே போகிறதோ அந்தத் திசையில் முகம் இருக்காது. செவத்தா மேட்டை நோக்கி நடந்தபோது அவள் முகம் கோரைப் புதரைப் பார்த்திருந்தது. போதாததற்கு, காம்பில் நிற்கும் கண்கள் இரண்டையும் மடக்கிக் குழிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ பெருசா இருந்துக்கோ! நான் உன்னைப் பார்க்கவே மாட்டேன், போ!"

கால் மண்ணில் இடித்த இடத்தில் நின்றாள். ஒரு உருண்டை எடுத்தாள். பின்னால் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள்.

செய்தி பறந்தது. டமாரம் தாவித் தாவி வந்து மூச்சிரைக்க நின்றது. பின்னால் பாதிக் குட்டையும் வந்தது.

"நில்லு! அளந்தாச்சா?"

"இல்ல."

"மேடு எவ்வளவு பெருசுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாமத் தொடலாமா?"

"தெரிஞ்ச நீங்க தொட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டமாரம் ஊதிப் பெருத்தது. "அடங்காப்பிடாரி! நாங்க தினமும் அளக்கிறோம். மேடு வளருது, தெரியுமா?"

செவத்தா உருண்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தலைவரே, குட்டை நிறைய தண்ணி இருந்தப்போ இந்தப் பயலுக ஒரு தாவல்ல எவ்வளவு தூரம் போவானுங்க?"

"அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லு வரைக்கும்!"

"இப்போ?"

இளந்தவளை ஒன்று வெட்கத்தோடு சொன்னது: "பாதிகூடப் போக முடியலக்கா. தொடை காஞ்சு கிடக்கு."

"அப்போ எது வளருது? எது சுருங்குது? மேடு அப்படியேதான் கிடக்கு. உங்க தாவல்தான் நாளுக்கு நாள் சுருங்குது!"

இளந்தவளைகள் குனிந்து தங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டன. டமாரம் நடுவே தாவி வந்து குதித்தது. "இது... இது விதிக்குப் புறம்பான பேச்சு! யாரும் கேட்காதீங்க!" என்று கத்திவிட்டுக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அளக்கப் போய்விட்டது. எதற்கு என்கிறீர்களா? அன்றைய அளவை பாக்கி இருந்ததே!

சட்டியப்பன் மட்டும் போகவில்லை.

"நீங்க போகலையாண்ணே?"

"எங்க போறது? நான் ஊர்வலத்துல பாதி தூரம் போறதுக்குள்ள எல்லாரும் அளந்து முடிச்சுத் திரும்பிடறாங்க. மேட்டை நான் முழுசாப் பார்த்ததே இல்ல. அதனால எனக்குப் பயமும் வரல. மண்ணை என் முதுகுல வை, கொண்டுபோய்க் கொட்டறேன்."

இப்படி வேலை தொடங்கியது. செவத்தா தோண்டினாள். சட்டியப்பன் சுமந்தது. தினமும் தோண்டினார்கள். மேட்டின் அடியில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் வளையானது. வளை உள்ளே நீண்டது. உள்ளே போகப் போக ஒரு விஷயம் தெரிந்தது. வெளியிலேயே நின்று அளந்த எவருக்கும் அது தெரியாது. உள்ளே மண் குளிர்ச்சியாக இருந்தது!

செவத்தா மண்ணில் உடம்பை ஒட்டவைத்துக் கேட்டாள். தூரத்தில் எங்கோ களக், களக் என்று ஒரு சத்தம்.

"அண்ணே! அந்தப் பக்கம் தண்ணி தேங்கி நிக்குது! மேட்டை முழுசா அள்ள வேண்டியதில்ல. என் உடம்பு நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாப் போதும். மிச்சத்தைத் தண்ணியே பார்த்துக்கும்!"

"அட! இதை ஏன் நாம முன்னாடியே யோசிக்கல?"

"முன்னாடி நாம வெளியவே நின்னோம்."

இந்தப் பேச்சு நாக்கப்பன் காதில் விழுந்தது. தண்ணீர் வந்தால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். வெயிலில் சும்மா படுத்துக்கொண்டு சாப்பிடும் காலம் போய்விடும்!

மறுநாள் சட்டியப்பன் மண் கொட்டப் போயிருந்த நேரம் பார்த்து நாக்கப்பன் வந்தது. செவத்தா ஒரு உருண்டையோடு வளையிலிருந்து வெளிப்பட்டாள்.

"செவத்தா! உன்னை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

"வேலை இருக்கு மாமா."

"வேலை எங்க ஓடிடப் போகுது? இவ்வளவு உழைச்சிருக்கே. ஒரே ஒரு தடவை மேல ஏறி நின்னு நீ செஞ்சதைப் பாரு தாயி. எவ்வளவு முடிச்சிருக்கேன்னு தெரிஞ்சா குளுகுளுன்னு இருக்காதா?"

இனிப்பான பேச்சு. செவத்தாவுக்கும் ஓர் ஆசை வந்தது. உழைத்தவளுக்கு வராதா? உருண்டையைக்கூடக் கீழே வைக்காமல், பக்கவாட்டில் கிறுகிறுவென்று மேட்டின் உச்சிக்கு ஏறினாள். மடக்கி வைத்திருந்த கண்களை நிமிர்த்தினாள்.

ஐயோ!

நான்கு பக்கமும் மண். சிவப்பு மண். அவள் தோண்டிய வளை எங்கோ கீழே ஊசி குத்திய புள்ளி போலத் தெரிந்தது. சட்டியப்பன் கொட்டிய மண் ஆட்டுப் புழுக்கை போலக் கிடந்தது. இத்தனை நாள் உழைப்பு அவ்வளவுதானா!

அவள் கால்கள் ஒவ்வொன்றாக இறுகின. முன்னால் போகவில்லை. பின்னால் வரவில்லை. பக்கவாட்டிலும் நகரவில்லை. உச்சி வெயிலில், மேட்டின் தலையில், ஒரு பொம்மை போல நின்றுவிட்டாள்.

நாக்கப்பன் வளை வாசலில் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. அதற்கு அவசரமே இல்லை. வெயிலே சமைத்துத் தரப்போகிறது. எதற்கு ஓட வேண்டும்?

சட்டியப்பன் திரும்பி வந்து கீழிருந்து கத்தியது. "செவத்தா! இறங்கு! காஞ்சு போயிடுவே!" பாவம், ஆமையால் அந்தச் சரிவில் ஏற முடியவில்லை. ஏறும், உருளும். மறுபடி ஏறும், மறுபடி உருளும். கடைசியில் மல்லாந்து விழுந்து, காலை உதறிக்கொண்டு கிடந்தது.

செவத்தாவின் ஓடு சுட்டது. மூச்சு முட்டியது. வயிற்று மடிப்புக்குள் கேட்டுக்கொண்டிருந்த "அம்மா, காயுது" என்ற குரல் மெலிந்து, மெலிந்து, நின்றுபோனது.

அப்போது அவள் கண் தன் கொடுக்கின் மேல் விழுந்தது. அதில் அந்த உருண்டை அப்படியே இருந்தது. ஓரம் காய்ந்து, பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

'இதை இன்னும் வைக்கலையே' என்று நினைத்தாள்.

அவ்வளவுதான். ஒரு நண்டுக்குக் கொடுக்கில் உருண்டை இருந்தால் அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும். அது பழக்கம். அந்தப் பழக்கம் முதலில் ஒரு காலை அசைத்தது. கால் அசைந்ததும் ரோஷமும் அசைந்தது.

"ஏ மேடே!" என்று செவத்தா கத்தினாள். குட்டை முழுவதும் கேட்டது. "நீ பெருசுதான்! ஒத்துக்கறேன்! ஆனா இந்த உருண்டை இப்போ உன்கிட்ட இல்ல, என்கிட்ட இருக்கு! உன்னால திரும்ப எடுத்துக்க முடியுமா? முடிஞ்சா எடுத்துப் பாரு! நீ உட்கார்ந்திருப்பே. நான் எடுத்துக்கிட்டே இருப்பேன். யாரு முதல்ல அலுத்துப் போறாங்கன்னு பார்ப்போம்!"

சொல்லிவிட்டு உருண்டையை வீசினாள். கண்ணையும் காலையும் மடக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே தானும் உருண்டாள்.

கீழே நாக்கப்பன் அப்போதுதான் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. உருண்டை நேராகத் தொண்டைக்குள் போனது! அது இருமி, தும்மி, கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த இடைவெளியில் செவத்தா அதன் மூக்கின் மேல் விழுந்து, எழுந்து, வளைக்குள் நுழைந்துவிட்டாள்.

"அடியேய்!" நாக்கப்பனின் இனிப்பு நாக்கு கசந்துபோனது. "எங்க போயிடுவே? உள்ளே போனா வழி இல்ல! தோண்டி எடுத்துத் தின்னுடுவேன்!"

அது தலையை வளைக்குள் விட்டது. தோள் இடித்தது. நீண்ட நகங்களால் வளையின் இரு பக்கமும் பறித்து அகலமாக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

செவத்தாவுக்கு முன்னால் மண். பின்னால் இரட்டை நாக்கு. நிற்க நேரமில்லை, நினைக்க நேரமில்லை. முன்னால் ஒரு உருண்டை எடுத்தாள். எங்கே வைப்பது? பின்னால் ஒரு வாய் திறந்திருந்தது. அதில் வைத்தாள்!

"தூ!" என்றது நாக்கப்பன்.

"வாங்க மாமா, வாங்க! வீடு கொஞ்சம் சின்னது. நீங்களே அகலமாக்கிக்கிட்டு வாங்க!"

"உன்னை...!"

"இன்னொரு உருண்டை சாப்பிடுங்க! பசியோட இருப்பீங்க!"

நாக்கப்பனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நான்கு காலாலும் பிறாண்டியது. அந்தக் காட்டிலேயே அது செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அதுவும் தெரியாமல் செய்தது. நண்டு நுழையும் வளை, உடும்பு நுழையும் குகையாகிக்கொண்டே வந்தது. செவத்தா ஒரு உருண்டை எடுப்பாள், பின்னால் போடுவாள். ஒரு உருண்டை எடுப்பாள், பின்னால் போடுவாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று அவள் நினைக்கவே இல்லை. இருட்டில் பார்க்கத்தான் என்ன இருக்கிறது? அடுத்த உருண்டை மட்டும்தான்.

மண் ஈரமானது. பிறகு சேறானது. பிறகு ஒரு உருண்டையை எடுத்தபோது, அதன் இடத்திலிருந்து ஜில்லென்று ஒரு விரல் தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சியது.

அப்புறம் என்ன ஆகும் என்று எந்த வயல்காரரைக் கேட்டாலும் சொல்வார். வரப்பில் ஒரே ஒரு நண்டு வளை விழுந்தால் அவர்கள் ஏன் மண்வெட்டியோடு ஓடி வருகிறார்கள்? ஒரு விரல் தண்ணீர் நுழைந்தால் ஒரு கை நுழையும். ஒரு கை நுழைந்தால் வரப்பே போய்விடும்!

மேடு ஒரு தடவை முனகியது. வயிற்றில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் இத்தனை நாள் தேங்கிய ஓடை. தடால்! செம்மண்ணும் நுரையுமாக வெள்ளம் பாய்ந்து வந்தது. அதன் முனையில் நாக்கப்பன் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கமாக வெளியே வந்தது. அதன் தலையில், இரண்டு கொடுக்காலும் நெற்றித் தோலைப் பிடித்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள் செவத்தா! இதை மட்டும் நான் பார்க்கவில்லை என்று யாராவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

மல்லாந்து கிடந்த சட்டியப்பனை வெள்ளம் புரட்டி நிமிர்த்தியது. அன்றைய அளவையில் இருந்த தவளைகளை அள்ளிக் குட்டைக்குள் போட்டது. நாக்கப்பனைக் குட்டைக்கும் அப்பால், முள்ளுக்காட்டுக்குள் கொண்டுபோய் எறிந்தது.

செவத்தா கோரைத்தண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்த தண்ணீர் அவள் ஓட்டுக்கு மேல் ஏறியது. காலால் வயிற்று மடிப்பைத் திறந்தாள்.

ஒன்றும் அசையவில்லை.

"கண்ணுகளா" என்றாள். "தண்ணி வந்துடுச்சு. நாளைக்கு இல்ல. இன்னைக்கு."

தண்ணீர் மடிப்புக்குள் புகுந்து வெளியே வந்தது. மறுபடி புகுந்தது. மயிரிழை போன்ற ஒரு கால் உதறியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கடுகு சிதறுவது போல அத்தனை பொடிசுகளும் இறங்கி, பக்கவாட்டில் ஓடின.

சட்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தண்ணீருக்குள் ஆமை கண்ணைத் துடைத்தது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

டமாரம் கோரைப் புதரிலிருந்து தலையை நீட்டியது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தது. தொண்டை திரும்பி வந்துவிட்டது.

"இது செல்லாது! அளவை முடியறதுக்குள்ள மேடு உடைஞ்சது செல்லவே செல்லாது!"

"அப்போ தண்ணியைத் துப்பிடுங்க தலைவரே!" என்றது ஓர் இளந்தவளை. குட்டையே சிரித்தது.

மறுநாள் காலை செவத்தா மறுபடியும் மேட்டுப் பக்கம் கிளம்பினாள். மேடு நடுவில் உடைந்திருந்ததே தவிர, இரண்டு பக்கமும் இன்னும் மலை மாதிரிதான் நின்றது. அடுத்த மழையில் சரிந்து மறுபடியும் அடைத்துக்கொள்ளலாம். அவள் கண்ணை மடக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்தாள். பின்னால் சட்டியப்பன். அதற்கும் பின்னால் தயங்கித் தயங்கி இளந்தவளைகள் எல்லாம் வந்தன. "அளவை! அளவை!" என்று டமாரம் மட்டும் தனியே கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று ஒரு தவளை கேட்டது.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் செவத்தா. ஒரு உருண்டையை எடுத்து அதன் கையில் திணித்தாள். "இந்தா, இதைப் பிடி!"

பெரிய வேலையின் முன்னால் நின்று அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் கல்லாகிவிடும்; அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அசராமல், கைக்கு எட்டிய ஒரு பிடியை இன்றைக்கே எடுத்து வைப்பவருக்குத்தான் வழி திறக்கும்.

இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சோம்பி உட்கார்ந்திருப்பவர்களிடம் சத்தமாகவே சொல்லுங்கள். ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்! நாக்கப்பன் இன்னும் முள்ளுக்காட்டில்தான் இருக்கிறது, வாயிலிருந்து செம்மண்ணைத் துப்பிக்கொண்டு. மண் தின்ற கதையை ஊருக்குள் அவிழ்த்துவிட்டது யார் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறதாம். கேட்டால், மீசை வைத்த ஒருவர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.